பள்ளி ஃபுட்பால் பயிற்சியில் வாரத்துக்கு எத்தனை நிமிடம் மோதலாம்? டெக்சாஸ் பெற்றோர்கள் உதவவும்

நொய்யல் · செப்டம்பர் 12, இரவு 10:40

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கிறோம். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. பள்ளியின் ஜூனியர் வார்சிட்டி (இரண்டாம் நிலை) ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராக, அதாவது எதிரணியினரை மோதித் தடுக்கும் இடத்தில் ஆடுகிறான். (நான் எழுதுவது அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி.) எனக்குச் சூலூர்ப் பக்கம். அப்பா ஊர்க் கபடிக் குழுவில் இருந்தவர். முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துப் பதறுகிற வீட்டில் நான் வளரவில்லை.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து அவனை அழைத்துவரப் போனேன். காரில் ஏறியதும் "அம்மா, இன்று என்ன சாப்பாடு?" என்று கேட்டான். ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் என்றேன். இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் அதையே மறுபடி கேட்டான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மூன்றாவது முறை கேட்டான். கேலி செய்கிறான் என்று நினைத்துத் திரும்பினேன். வாசல் விளக்கு கண்ணில் பட்டதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மருத்துவமனையில் கன்கஷன் (தலை குலுங்குவதால் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சிக் காயம்) என்றார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஹெல்மெட்டில் புதிய கீறல்கூட இல்லை. யார் இடித்தது என்று மறுநாள் கேட்டேன். "யாரும் தவறாக இடிக்கவில்லை அம்மா. எல்லோரும் வட்டமாக நிற்போம். பெயர் சொன்னதும் இருவர் உள்ளே போய் மோத வேண்டும். என் பெயரை ஐந்து முறை சொன்னார்கள்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அடிபட்டிருந்தால் மனம் ஏதோ ஒரு வகையில் ஒத்துக்கொண்டிருக்கும். இது செவ்வாய்க்கிழமை, தன் அணித் தோழனோடு மோதியதில் வந்தது. டெக்சாஸில் முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிடம்தான் என்று யுஐஎல் (மாநிலத்தின் பள்ளி விளையாட்டு அமைப்பு) விதி இருப்பதாகப் படித்தேன். அந்த 90 நிமிடத்தை யார் எண்ணுகிறார்கள்? இப்படிக் கட்டுப்படுத்துவதால் உண்மையிலேயே பலன் உண்டா? அவனை மறுபடி அனுப்பலாமா?

முல்லை · செப்டம்பர் 12, இரவு 11:25

சகோதரி, முதலில் உங்கள் பிள்ளை நலமடையட்டும். நான் நரம்பியல் பிரிவில் நர்ஸாக வேலை செய்கிறேன். என் பதில் நேரானது: அனுப்பாதீர்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) வீரர்கள் 111 பேரில் 110 பேரின் மூளையில் சிடிஇ என்னும் சிதைவு இருந்தது. உயர்நிலைப் பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டவர்கள் 14 பேரில் 3 பேருக்கு இருந்தது. அவை குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகள். ஏற்கெனவே தொல்லை இருந்த வீடுகளிலிருந்தே அதிகம் வந்திருக்கும் என்பதால் அந்த விகிதத்தை எல்லாப் பிள்ளைகள் மீதும் ஏற்றக் கூடாது. ஆனால் அதே குழுவினர் 2019இல் இன்னொன்றைச் சொன்னார்கள். எத்தனை ஆண்டுகள் ஆடினார்களோ, அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் சிடிஇ வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. எத்தனை முறை கன்கஷன் வந்தது என்பதைவிட எத்தனை ஆண்டுகள் மோதினார்கள் என்பதுதான் அங்கே கணக்கு.

நிமிடத்தைக் குறைப்பதால் விளையாட்டு பாதுகாப்பானதாகிவிடாது. குறைவான தீங்கு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கரிசல்மண் · செப்டம்பர் 13, காலை 6:50

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். என் இரண்டு மகன்களும் பள்ளி அணியில் ஆடியவர்கள். பெரியவன் நான்கு ஆண்டுகள், சின்னவனுக்கு இது கடைசி ஆண்டு. சகோதரியின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆகஸ்ட் வெயிலில் அந்தக் கவசங்களோடு பிள்ளை களத்தில் நிற்பதைப் பார்க்கிற எந்தத் தகப்பனுக்கும் வயிறு கலங்கும்.

ஆனால் அனுப்பாதீர்கள் என்று ஒரே வரியில் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பெரிய மகன் பேசவே தயங்குகிற பையனாக இருந்தான். அந்த அணிதான் அவனை நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்க வைத்தது. பள்ளியில் எந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல் தவித்தவனுக்கு எழுபது சகோதரர்கள் கிடைத்தார்கள். இதையும் தராசில் வையுங்கள்.

பயிற்சியில் மோதலைக் குறைப்பதில் எனக்கு ஒரு பயம் உண்டு. டாக்கிள், அதாவது பந்தோடு வருகிறவனைப் பிடித்து வீழ்த்துவது, ஒரு வித்தை. தலையை நிமிர்த்தி, எதிராளியைக் கண்ணால் பார்த்து, தோளால் தாங்க வேண்டும். அது உடம்பில் ஏறாத பையன் வெள்ளிக்கிழமை இரவு தலையைக் குனிந்துகொண்டு முட்டுவான்; கழுத்து போய்விடும். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா?

தாமிரபரணி · செப்டம்பர் 13, மாலை 7:15

நான் நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அத்லெட்டிக் டிரெய்னர்; வீரர்களின் காயங்களைக் கவனிப்பது என் வேலை. பதினோரு ஆண்டுகளாக ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மாலை நேரங்களை மைதானத்தின் ஓரத்தில்தான் கழிக்கிறேன்.

நொய்யல் அக்கா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அவசரம் வேண்டாம். டெக்சாஸின் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும், நீங்களும் கையெழுத்திட வேண்டும். திரும்பி ஆடலாம் என்று சொல்லும் அதிகாரம் பயிற்சியாளருக்கு இல்லை. முதலில் வகுப்புக்குத் தலைவலியின்றிப் போய்வர வேண்டும். பிறகு மெல்லிய ஓட்டம், பிறகு தனிப் பயிற்சி, பிறகு மோதல் இல்லாத அணிப் பயிற்சி, அதற்குப் பின்னரே மோதல். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். ஏதாவது ஒரு படியில் தலைவலி திரும்பினால் நிறுத்திவிட்டு ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் முதல் பாதியில் தலையில் அடிபட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் இரு பக்கங்களையும் திறக்க வேண்டியதாயிற்று. பல மாதங்கள் பேச்சே வரவில்லை. 2009இல் அவன் பெயரில் அந்த மாநிலம் இயற்றிய சட்டம்தான் நாடெங்கும் இன்றிருக்கும் கன்கஷன் சட்டங்களுக்கு முன்னோடி.

ஹெல்மெட்டில் கீறல் இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். முற்றிய தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஓட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, உள்ளே தண்ணீர் அலைகிறது. மண்டையோடு உடையாமல் காப்பதற்காகச் செய்யப்பட்டது ஹெல்மெட். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

கரிசல்மண் அண்ணா கேட்ட கேள்வி நியாயமானது. நம் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியபோது முதலில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தானே இறக்கினார்கள்? டாக்கிளுக்கும் அப்படிப் படிகள் இருக்கின்றன. முதலில் எதிராளியே இல்லாமல் உடலசைவு மட்டும், அதற்குப் பெயர் 'ஏர்'. அடுத்து மெத்தைப் பையின் மேல், 'பேக்'. அடுத்து 'கன்ட்ரோல்': குறித்த வேகத்தில், யாரும் கீழே விழாமல் மோதுவது. அடுத்து 'தட்': முழு வேகத்தில் நெருங்கி மோதுவார்கள், ஆனால் தரையில் சாய்க்க மாட்டார்கள். கடைசியில்தான் 'லைவ்', ஆட்டத்தில் போலவே வீழ்த்துவது. விதி எண்ணச் சொல்வது முக்கியமாக இந்தக் கடைசிப் படியை. வித்தையைக் கற்பது மற்ற நான்கிலும் நடக்கலாம், வாரம் முழுவதும் நடக்கலாம்.

உங்கள் மகன் சொன்ன வட்டம் பழைய பழக்கம். 'புல் இன் த ரிங்' என்பார்கள். ஓக்லஹோமா டிரில் என்று இன்னொன்று, குறுகிய சந்துபோல் இடம் விட்டு இருவரை நேருக்கு நேர் மோதவிடுவது. இவை இரண்டையும் 2019இல் என்எஃப்எல் தன் பயிற்சி முகாம்களிலிருந்து நீக்கிவிட்டது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் முழு வளர்ச்சி பெற்ற ஆண்களுக்கே வேண்டாம் என்று விட்டதைப் பதினைந்து வயதுக் கழுத்தின் மேல் ஏன் வைக்க வேண்டும்? இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

எங்கள் மாநிலத்தில் 2019இல் பருவகால முழு மோதலை வாரம் 90 நிமிடத்திலிருந்து 15 நிமிடமாகக் குறைத்தார்கள். அணிகள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஏரிக்கரை · செப்டம்பர் 13, இரவு 9:30

மேடிசன், விஸ்கான்சின். புள்ளிவிவரம்தான் என் தொழில். பலன் உண்டா என்ற கேள்விக்கு எங்கள் மாநிலத்திலிருந்தே ஒரு பதில் இருக்கிறது.

விஸ்கான்சின் பள்ளி விளையாட்டுச் சங்கம் 2014 பருவத்துக்கு விதி போட்டது. முதல் வாரம் முழு மோதல் கிடையாது. இரண்டாவது வாரம் 75 நிமிடம். அதன் பிறகு வாரத்துக்கு 60 நிமிடம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டிம் மெக்குவைனின் குழு, விதிக்கு முந்தைய இரண்டு பருவங்களையும் 2014 பருவத்தையும் ஒப்பிட்டது. பயிற்சியில் கன்கஷன் ஏற்பட்ட விகிதம் விதிக்கு முன்னால் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

அதே ஆய்வில் கரிசல்மண் அவர்களின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. பயிற்சியில் மோதல் குறைந்ததால் ஆட்டங்களில் கன்கஷன் கூடியிருக்க வேண்டும் அல்லவா? கூடவில்லை. குறையவும் இல்லை. ஆட்டம் ஆட்டமாகவே இருந்தது. பயிற்சியில் குறைந்தது அப்படியே லாபம்.

இன்னொரு பக்கம், கன்கஷன் என்று பெயர் சூட்டப்படாத மோதல்கள். என்னைத் தூங்கவிடாதவை அவைதான். இண்டியானாவில் லஃபயட் நகரில் ஒரு பள்ளி அணியின் ஹெல்மெட்டுகளில் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணரிகள் வைத்து, பருவத்துக்கு முன்பும் பருவத்தின்போதும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். கன்கஷனுக்கான எந்த அறிகுறியும் காட்டாத பையன்கள் சிலரின் நினைவாற்றல் சோதனையிலும் மூளைச் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. அவர்கள் நன்றாக இருக்கிறோம் என்றார்கள், பயிற்சியாளரும் அப்படியே நம்பினார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் பிராக்லியோ, மோதல் பயிற்சியைக் கட்டுப்படுத்தியபின் ஒரு பள்ளி அணியில் எண்ணிப் பார்த்தார். முந்தைய பருவத்தில் ஒரு வீரரின் தலையில் சராசரியாக 592 மோதல்கள். அடுத்த பருவத்தில் 345. ஆட்டத்தில் ஒரு விதியைக்கூடத் தொடாமல் கிடைத்த குறைவு இது. அந்த 247 மோதல்களால் யாருக்கு என்ன லாபம் இருந்தது? ஸ்கோர்போர்டில் ஒரு புள்ளிகூட ஏறியிருக்காது.

வெற்றி பாதிக்கப்படுமா என்று கேட்பவர்களுக்கு: மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கலியார்டி பயிற்சியில் டாக்கிளையே அனுமதிக்காதவர். 489 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் அவ்வளவு வெற்றி இல்லை. டார்ட்மத் கல்லூரியில் பட்டி டீவன்ஸ் 2010இல் தன் வீரர்கள் ஒருவரையொருவர் பயிற்சியில் டாக்கிள் செய்வதை நிறுத்தினார். அங்கே பொறியியல் மாணவர்கள் ஓடுகிற இயந்திரப் பொம்மையைச் செய்து கொடுத்தார்கள். வீரர்கள் அதைத் துரத்தி வீழ்த்தினார்கள். 2015இல் ஐவி லீக் (டார்ட்மத் உள்ளிட்ட எட்டுக் கல்வி நிறுவனங்களின் போட்டி அமைப்பு) பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது அந்த அணி. மறு ஆண்டே பருவகாலப் பயிற்சியில் டாக்கிள் வேண்டாம் என்று ஐவி லீக் முழுவதும் முடிவெடுத்தது.

கரிசல்மண் · செப்டம்பர் 14, காலை 8:05

சுரைக்குடுக்கை நல்ல பதில், தங்கை. ஏற்றுக்கொள்கிறேன். அந்த வட்டப் பயிற்சிக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். என் சின்னவனிடம் கேட்டேன். அவர்கள் அணியில் அது இல்லை என்றான்.

ஆனால் ஐவி லீக்கையும் பள்ளியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். டார்ட்மத்துக்கு வருகிற பையன் பல ஆண்டுகள் டாக்கிள் செய்துவிட்டு வருகிறவன். நம் பிள்ளைகளில் பலர் ஒன்பதாம் வகுப்பில்தான் முதன்முறையாகக் கவசம் மாட்டுகிறார்கள். இயந்திரப் பொம்மை வாங்க எல்லாப் பள்ளியிலும் பணம் கிடையாது. வாரத்துக்கு 15 நிமிடம் என்பது ஒரு புதிய பையனுக்குப் போதாது என்றே இன்னமும் நினைக்கிறேன். 60 என்றால் மறுக்க மாட்டேன். 90ஐ முழுதாகப் பயன்படுத்துகிற பயிற்சியாளர் எதற்காக என்று விளக்க வேண்டும், அதையும் ஏற்கிறேன்.

பழைய54 · செப்டம்பர் 14, பிற்பகல் 2:20

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரி மாணவன், கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவன். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா இந்த இழையை அனுப்பி, "நீயே எழுது" என்றார்.

பள்ளியில் நான்கு ஆண்டுகள் லைன்பேக்கர், 54ஆம் எண். கலிஃபோர்னியாவில் 2015 முதல் சட்டமே இருக்கிறது: வாரத்துக்கு இரண்டு முழு மோதல் பயிற்சிகள், ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, பருவம் இல்லாத காலத்தில் ஒன்றுகூடக் கூடாது. கூட்டிப் பார்த்தால் வாரம் மூன்று மணி நேரம். சட்டம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் டெக்சாஸின் அளவைப்போல் இரண்டு மடங்கு. எங்கள் பயிற்சியாளர் அவ்வளவு எடுத்ததே இல்லை. பெரிய டயர் போன்ற ஒரு மெத்தை வளையத்தை உருட்டிவிடுவார். ஓடிப் போய்த் தோளை வைத்து அதைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். தலை எப்போதும் வளையத்துக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். ஆயிரம் முறை செய்திருப்பேன். அடிபட்டதே இல்லை.

ஆனால் நொய்யல் ஆன்ட்டிக்கு வேறொன்று சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் எனக்குப் பயிற்சியில் கன்கஷன் வந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை. மைதான விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. சோதனையில் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் தண்ணீர் குடிக்கப் போகும்போதே டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டேன். யாரும் கேட்கவே இல்லை. அடுத்த மூன்று வாரம் கணக்குப் பாடத்தில் ஒரு வரியை நான்கு முறை படித்தேன். அப்பா, கைபேசியை அதிகம் பார்க்கிறாய் என்று திட்டினார்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொல்பவன் தன் இடத்தை இழப்பான். அடுத்தவன் அந்த இடத்துக்கு வந்து நன்றாக ஆடிவிட்டால் திரும்பக் கிடைக்காது. பதினாறு வயதில் அதுதான் உலகம். ஆகவே பிள்ளை சொல்வான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த விதியும் நம்பி இருக்கக் கூடாது. மோதலின் எண்ணிக்கையைக் குறைப்பது எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதான். நான் உண்மை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது என்னைக் காப்பாற்றும்.

நொய்யல் · செப்டம்பர் 14, பிற்பகல் 3:05

தம்பி, உன் பதிவை என் மகனிடம் படித்துக் காட்டினேன். இருட்டறையில் படுத்திருந்தான். மாதங்களைப் பின்னாலிருந்து சொன்ன இடம் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "நான்காவது முறை போனபோதே தலை ஒரு மாதிரி இருந்தது" என்றான். அதை டாக்டரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை.

வடலி · செப்டம்பர் 14, இரவு 8:50

டொராண்டோவிலிருந்து. இங்கே எங்கள் பிள்ளைகள் ஃபுட்பாலைவிட ஹாக்கியும் ரக்பியும்தான் அதிகம். ஒன்ராறியோவில் 2018இல் வந்த ரோவன் சட்டத்தைப் பற்றி எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்டிரிங்கர் பள்ளி ரக்பி அணியின் பிள்ளை, வயது 17. 2013இல் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தாள். முதல் அடி ஆறுவதற்குள் அடுத்தது விழுந்தது. நொய்யல் தங்கச்சி, உங்கள் மகன் நான்காவது முறையை இப்போது சொன்னதற்காக அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். சொன்னானே, அது பெரிய காரியம்.

அதே 2013இல்தான் ஹாக்கி கனடா 11, 12 வயதுப் பிரிவில் உடலால் மோதித் தடுப்பதை நிறுத்தியது. அப்போதும் இதே வாதம்தான்: சின்ன வயதில் பழகாவிட்டால் பெரிய வயதில் எலும்பு முறியும் என்றார்கள். என் மருமகன் அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டு அது. வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. அவன் பிறகு மோதலைப் பழகிக்கொண்டான், நன்றாகவே ஆடினான்.

முல்லை · செப்டம்பர் 15, காலை 9:10

என் கருத்து மாறவில்லை. என் மகனாக இருந்தால் அனுப்ப மாட்டேன். ஆனால் நாட்டில் பத்து லட்சம் பள்ளிப் பையன்கள் இதை ஆடிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் நிறுத்தும்வரை காத்திருப்பதைவிட அவர்கள் தலையில் விழுகிற 247ஐக் குறைப்பது மேல். அதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை.

தாமிரபரணி · செப்டம்பர் 15, பிற்பகல் 12:30

அக்கா, நான்காவது மோதலைப் பற்றி நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

யார் எண்ணுகிறார்கள் என்ற உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் பயிற்சியாளரேதான் எண்ணுகிறார். சண்டைக்குப் போகாமல் ஒன்று கேளுங்கள்: அன்றைய பயிற்சித் தாள். அநேகமாக ஒவ்வொரு ஃபுட்பால் பயிற்சியும் ஐந்து அல்லது பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டு முடிந்ததும் ஹாரன் ஊதும். தாளில் துண்டுக்கு எதிரே என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். எவை 'லைவ்', எவை 'தட்' என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். டெக்சாஸில் கணக்கு ஒவ்வொரு வீரருக்குமானது, அணிக்குப் பொதுவானது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நொய்யல் · செப்டம்பர் 18, இரவு 9:45

நேற்று மாலை பயிற்சியாளரைப் பார்த்தேன். மகனையும் அழைத்துப் போனேன். வெயில் தாழ்ந்த பிறகும் மைதானத்தின் செயற்கைப் புல்லிலிருந்து சூடு எழும்பிக்கொண்டிருந்தது.

நல்ல மனிதர், சின்ன வயது. வருத்தம் தெரிவித்தார். "நாங்கள் 90 நிமிடத்தைத் தாண்டியதே இல்லை" என்றார். தாளைக் காட்டச் சொன்னேன். மறுக்காமல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்து, வியர்வையில் ஊறிப்போன தாள். இருபத்து நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். அணி முழுவதும் ஆட்டம்போல் மோதுகிற துண்டுகளை மட்டும் வட்டமிட்டிருந்தார். பத்தாவது துண்டுக்கு எதிரே 'சர்க்கிள்' என்று இருந்தது, அதைச் சுற்றி வட்டம் இல்லை. அது கணக்கில் வராதா என்று கேட்டேன். அது உற்சாகத்துக்காகச் செய்வது, ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது என்றார். என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தபடி, "ஐந்து முறை போனேன், சார்" என்றான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார்.

ஒரு வரியை அடித்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பள்ளி மாவட்டத்தின் விளையாட்டு இயக்குநருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லா அணிகளும் இந்தத் தாளைப் பெற்றோர் பார்க்கும்படி வைக்க வேண்டும், வட்டப் பயிற்சி எந்தப் பெயரிலும் இருக்கக் கூடாது, நிமிடத்தை எண்ணுபவர் பயிற்சியாளராக இல்லாமல் அத்லெட்டிக் டிரெய்னராக இருக்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். இன்னும் நான்கு தாய்மார்கள் கையெழுத்திடுகிறார்கள். ஏரிக்கரை சார், விஸ்கான்சின் தகவலைச் சேர்த்திருக்கிறேன், சரிபார்த்துத் தருவீர்களா?

ஏரிக்கரை · செப்டம்பர் 18, இரவு 10:20

கட்டாயம். இன்றிரவே அனுப்புங்கள். ஆட்டத்தில் கன்கஷன் கூடவில்லை என்ற வரியை மேலே கொண்டுவாருங்கள். இயக்குநர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கரிசல்மண் · செப்டம்பர் 19, காலை 6:30

என் பெயரையும் போடலாமா? மாவட்டம் வேறுதான். இரண்டு வீரர்களின் தகப்பன் என்று போடுங்கள். வாரம் 60 நிமிடம் என்று கேளுங்கள், 15 என்று கேட்டால் உள்ளே எடுத்துப் படிக்கவே மாட்டார்கள்.

நொய்யல் · செப்டம்பர் 26, இரவு 9:15

தாமதத்துக்கு மன்னிக்கவும். கரிசல்மண் அண்ணா, உங்கள் பெயர் ஐந்தாவதாக இருக்கிறது. 60 என்றே கேட்டிருக்கிறோம். மொத்தம் பதினாறு கையெழுத்துகள். இயக்குநர் அடுத்த மாதக் கூட்டத்தில் பேச நேரம் கொடுத்திருக்கிறார்.

மகன் முழு நாள் வகுப்புக்குப் போகிறான். தலைவலி நின்று நான்கு நாட்கள் ஆகின்றன. மெல்லிய ஓட்டத்துக்கு டாக்டர் இன்று அனுமதித்தார். மறுபடி ஆடுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் ஆட வேண்டும் என்கிறான், அவன் அப்பா யோசிக்கலாம் என்கிறார், எனக்கு இரவில் தூக்கம் வரும்போது பார்க்கலாம் என்றிருக்கிறது.

அதுவரை பயிற்சியின்போது வீட்டில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால், பள்ளியின் டிரெய்னர் அவன் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து எல்லைக்கோட்டருகே நிறுத்தியிருக்கிறார். 'லைவ்' என்று குரல் வந்ததும் அழுத்துகிறான், ஹாரன் ஊதியதும் நிறுத்துகிறான். தன் இடத்தில் ஆடும் பையனுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறான். இந்த வாரம் செவ்வாய் 22, புதன் 17. இன்று வியாழக்கிழமை, ஒன்றும் இல்லை.